ஐப்பசிக்கு முன் முற்றத்துப் புல்

டொராண்டோவில் இருக்கும் தங்கைக்குப் புரட்டாசி முடிகிற நேரத்தில் போனில் குளிர்காலத்துக்கு முன் வீட்டுப் புல்தரையைத் தயார் செய்வது தவிர வேறு பேச்சே கிடையாது. மேப்பிள் இலையை வாரியாயிற்று, மண்ணில் துளை போட்டாயிற்று, கடைசி உரம் வைத்தாயிற்று, தோட்டக் குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடித்துவிடும் என்று அதையும் வடித்தாயிற்று. "உனக்கு என்னண்ணே, பனியா கொட்டுது?" என்பாள்.

ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டு முற்றத்துப் புல் இருபதுக்குப் பதினைந்து அடி. பனி இல்லை, சரி. எங்களுக்குக் குளிர்காலம் என்பதே மழைதான். வருஷத்து மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதமெல்லாம் புல்லுக்குப் போர் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். ஆவணியில் பார்த்தால் சுவரோரம் கோலமாவு சிந்தியது மாதிரி உப்புப் பூத்திருக்கும்.

முதலில் நர்சரியில் கார்ப்பெட் புல் வாங்கித்தான் விரித்தேன். ஒரே கோடையில் தேங்காய் நாராகிவிட்டது. அது செத்த இடத்தில் யாரும் கூப்பிடாமலே அருகம்புல் வந்து படர்ந்தது. அருகு உப்பைத் தாங்கும். மேலே காய்ந்தாலும் கணுவில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு வெளியே அலைய வேண்டியதும் இல்லை.

போன வருஷம் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். மழை வரப்போகிறதே என்று புல்லை ஒட்ட வெட்டி, யூரியாவை அள்ளி வீசினேன். அன்று ராத்திரியே சாத்து சாத்தென்று சாத்தியது. இது கடற்கரை மணல்; போட்ட உரமெல்லாம் தண்ணீரோடு கீழே இறங்கிவிட்டது. மொட்டையடித்த இடத்தில் மண் கரைந்து வாசற்படிக்கு வந்துவிட்டது. பனை ஓலை வெட்ட வந்த பெரியவர் நின்று பார்த்தார். "மழை மொதல்ல உப்பக் கழுவட்டும் தம்பி. சோறு அப்புறம் போடலாம்."

இந்த வருஷம் அவர் சொன்னபடிதான். உரம் மார்கழி கடைசியில், மழை ஓய்ந்த பிறகு. புல்லை மூன்று விரல் உயரம் விட்டிருக்கிறேன். பைக் நிறுத்தி இறுகிப்போன பக்கம் கடப்பாரையால் சாணுக்கு ஒரு குத்து. சுற்றிலும் சின்னதாக வரப்பு. தண்ணீர் ஓடாமல் நின்று இறங்கினால்தான் உப்பும் கூடவே கீழே போகும். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் மாமனார் ஊரிலிருந்து ஒரு மூட்டை வண்டல் வந்தது. சலித்து, புல் மூடாத அளவுக்குத் தூவினேன். மணலுக்குக் கொஞ்சம் ஈரப்பிடிப்பு வரும்.

சீமைக்கருவேலை மட்டும் முன்கூட்டி ஒன்றும் செய்ய முடியாது. நெற்றைத் தின்ற ஆடு புழுக்கையோடு விதையைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். முதல் மழைக்கு முளைக்கும். பிஞ்சிலேயே பிடுங்கினால் உண்டு, விட்டால் கடப்பாரையும் உதவாது.

நேற்றிலிருந்து வாடைக்காற்று. முற்றத்தைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். வரப்பையும் குத்தின குழிகளையும் பார்த்துவிட்டு உடனே கேட்டாள்:

"பனங்கொட்டையா புதைச்சிருக்க? கிழங்கு எப்போ பிடுங்குவ?"