உத்தரவு வந்தது 11-ஆம் நாள்

கண்ணில் ரத்தம் தெறித்த நேரத்தை நான் குறித்து வைக்கவில்லை. அந்தத் தவறு இரண்டு நாளைத் தின்றுவிட்டது.

ஆம்புலன்ஸில் வேலை எனக்கு. போதையில் விழுந்து உதடு கிழிந்தவருக்குக் கட்டுப் போடக் குனிந்தேன், துப்பினார். எச்சிலும் ரத்தமுமாக வலது கண்ணில் விழுந்தது. வண்டியிலிருந்த சலைனை ஊற்றிக் கழுவிக்கொண்டேன். மருத்துவமனையில் அவரிடம் ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்டார்கள். "முடியாது" என்றார். காரணம் சொல்லவில்லை.

அவர் ரத்தத்தைப் பரிசோதிக்க உத்தரவு கேட்டுக் கோர்ட்டில் மனுப் போடலாம் என்று மேலதிகாரி சொன்னதும் ஒரு தெம்பு வந்தது. துப்பியவரின் ரிசல்ட் வந்த பிறகு மாத்திரையைப் பற்றி யோசிக்கலாமே என்றேன். மருத்துவர் விடவில்லை. "கோர்ட் அதோட வேகத்துலதான் வரும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இப்பவே ஒண்ணு போடுங்க." கண்ணில் தெறித்து எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் 0.09 சதவீதம்தான் என்றும் சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவளுக்கு அந்தக் கணக்கு உதவாது என்பது வேறு விஷயம்.

என் ரத்தத்தை அன்றே எடுத்தார்கள். பின்னால் ஏதாவது வந்தால், வேலையில்தான் வந்தது என்று காட்ட அந்தச் சீட்டு வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டு, ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பாதுகாப்புக்குத் தேவையான 10-க்கு மேல் இருந்ததால் அந்தக் கவலை மட்டும் இல்லை.

மனுவோடு சம்பவ அறிக்கை, மருத்துவர் சான்று, என் பிரமாணப் பத்திரம் எல்லாம் வைத்தோம். அறிக்கையில் "மாலை" என்று மட்டும் எழுதியிருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையின் அழைப்புப் பதிவைத் தோண்டி எடுத்து, 6.40 என்று எழுதி மறுபடி போட்டோம்.

விசாரணையில் நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: வெறும் எச்சிலா, ரத்தம் கலந்ததா? ரத்தம் கலக்காத எச்சிலால் எச்ஐவி பரவாது. அப்படியிருக்க, சம்மதமில்லாத ஒருவருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்வது நியாயமில்லை. அன்று கோபமாக வந்தது, இப்போது யோசித்தால் சரியான கேள்வி. முதலுதவிச் சீட்டில் "உதட்டில் கிழிசல், ரத்தக் கசிவு" என்று கூட வேலை பார்ப்பவர் எழுதிவைத்த வரிதான் காப்பாற்றியது. அன்றே உத்தரவானது. முடிவு என் மருத்துவருக்கு மட்டும் போக வேண்டும், வேறெந்த வழக்கிலும் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை.

வாசலில் அந்த ஆள் "கண்ணு சரியாயிடுச்சா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

16-ஆம் நாள் ரிசல்ட் வந்தது. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார் மருத்துவர். துப்பியவருக்கே சமீபத்தில்தான் தொற்றியிருந்தால் பரிசோதனையில் தெரியாமல் போகலாமே என்று எனக்கு ஒரு சந்தேகம். மிச்சம் 12 நாள் மாத்திரை. குமட்டலோடு அதையும் விழுங்கி 28 நாளை முடித்தேன். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஹெபடைடிஸ் சி-க்காக ஆறாவது மாதம் என்று என் கையிலும் ஊசி. அதுவரை ரத்த தானம் கிடையாது, வீட்டில் ஆணுறை.

கடைசிச் சீட்டை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். மேலும் கீழும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நேரம் போட்டிருக்காங்களா?"