பறையும் பாடம்தான்: எங்கள் அறக்கட்டளை 12ஏபி பதிவு பெற்ற அனுபவம்

2020ஆம் ஆண்டு சென்னையின் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டபோது, சாரத்தின் கீழே நின்று நாளெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலர், "எங்களுக்கும் சொல்லிக் குடுப்பீங்களா அக்கா?" என்று கேட்டார்கள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரின் வேறு பகுதிகளிலிருந்தும் வீடு பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். ஊரடங்கு தளர்ந்ததும் நானும், ஓவியம் பயின்ற என் தோழியும், பறை ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து மாலை வகுப்புகளைத் தொடங்கினோம். அந்த வகுப்புகளுக்காக அமைத்த அறக்கட்டளைக்கு, வருமான வரிவிலக்குக்குத் தேவையான 12ஏபி பதிவைப் பெற்ற கதை இது.

முதல் சில மாதங்கள் கைக்காசில் ஓடின. பிறகு அறை வாடகை, தாள், வண்ணம், பறைக்குத் தோல் என்று செலவு கூடியபோது நன்கொடை தர முன்வந்தவர்கள் ரசீது கேட்டார்கள். சங்கமாகப் பதிவு செய்யத் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், நாங்கள் மூவர்தான். எனவே 2021இல் அறக்கட்டளையாகப் பதிந்தோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன், புகைப்படம், கைரேகை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து என்று ஒரே முற்பகலில் வேலை முடிந்தது.

எங்கள் தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டிருந்தது. வேறோர் அறக்கட்டளையின் பத்திரத்தை மாதிரியாக வாங்கி, பெயர்களை மட்டும் மாற்றி எழுதியிருந்தோம். நோக்கங்கள் என்ற பகுதியில் கல்வி, கலை, பண்பாடு, சமூக நலம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடைபட்டிருந்தன. அறக்கட்டளை கலைக்கப்பட்டால் அதன் சொத்து இதே நோக்கமுடைய வேறோர் அறக்கட்டளைக்கே போய்ச் சேர வேண்டும் என்ற கூறு பத்திரத்தில் இல்லவே இல்லை. இந்த இரண்டு குறைகளும் மூன்று ஆண்டுகள் கழித்து எங்கள் முன் வந்து நின்றன.

பான் அட்டை பெற்றபின் படிவம் 10ஏ வழியாக 12ஏபி தற்காலிகப் பதிவு கிடைத்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று நினைத்துவிட்டோம். முறையான பதிவுக்கான படிவம் 10ஏபி விண்ணப்பத்தை, பணிகள் தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்போ, இவற்றுள் எது முந்துகிறதோ அதற்குள் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் வகுப்புகள் பதிவுக்கு முன்பே நடந்துகொண்டிருந்ததால் அந்தக் கெடு எங்களை அறியாமலே கடந்துபோயிற்று. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 ஜூன் 30 வரை அவகாசத்தை நீட்டித்ததால்தான் மீண்டோம். அப்படி ஒரு நீட்டிப்பு எப்போதும் வரும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

விண்ணப்பித்த சில வாரங்களில் இணையதளம் வழியாகக் கேள்விகள் வந்தன. கணக்கு, வங்கிப் பதிவுகள், நன்கொடையாளர் பட்டியல் ஆகியவற்றை ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். பத்திரத்தில் நோக்கங்களைக் கலந்து எழுதியதன் விளைவாக வந்த ஒரு கேள்வி மட்டும் எங்களுக்கே உரியது: உங்கள் பணிகள் எவ்வகையில் கல்வி ஆகும்? அதைப் பறை ஆசிரியரிடம் படித்துக் காட்டியபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏம்மா, நான் சொல்லிக் குடுக்கறது பாடம் இல்லையாமா?" என்று கேட்டார். பரம்பரையாகப் பறை இசைக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு வலி இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அதிகாரி கேட்டதற்குச் சட்டத்தில் காரணம் இருந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(15) பிரிவு, ஏழைகளுக்கு உதவுதல், கல்வி, மருத்துவ உதவி முதலியவற்றைத் தனித்தனியே அறப்பணிகளாகச் சொல்லிவிட்டு, மற்றவற்றைப் பொதுப் பயன்பாடு என்ற வகையில் சேர்த்திருந்தது. அந்த வகையில் விழும் அறக்கட்டளை, கட்டணம் வாங்கிச் செய்யும் வணிகத் தன்மையுள்ள பணிகளின் வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த ஆண்டு வரிவிலக்கை இழக்க வேண்டியிருந்தது. எங்கள் பெரிய பிள்ளைகளின் பறைக் குழுவைப் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களின் விழாக்களுக்கு அழைப்பதுண்டு. ஓராண்டு அந்த வரவு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. கல்வி என்று ஏற்கப்பட்டால், நோக்கத்துக்குத் துணையாக வரும் அத்தகைய வரவைத் தனிக் கணக்கேட்டில் காட்டி வைத்துக்கொள்ள வழி இருந்தது. ஆகவே ஒரு சொல்லின் பொருளில் எங்கள் வகுப்பறையின் வாடகையே தொங்கிக்கொண்டிருந்தது.

லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை ஆடிட்டர் எடுத்துக் கொடுத்தார். அது நாளிதழ் நடத்திய ஓர் அறக்கட்டளைக்கு எதிராகப் போன தீர்ப்பு. கல்வி என்ற சொல்லின் பொருளைக் குறுக்கிய தீர்ப்பும் கூட. முதலில் படித்தபோது மனம் சோர்ந்தது. ஆனால் இளையோரை வாழ்க்கைப் பணிக்கு ஆயத்தப்படுத்த முறையாகத் தரப்படும் பயிற்சியே கல்வி என்னும் கருத்தை அதில் கண்டபோது, நாங்கள் செய்துவருவது அதைத்தானே என்று தோன்றியது. முறையாகச் செய்கிறோம் என்பதைக் காட்டுவதுதான் எஞ்சிய வேலை.

அங்கேதான் ஆசிரியரின் பழைய நோட்டுப் புத்தகம் கைகொடுத்தது. பறையைத் தோளில் மாட்டி நிற்பது எப்படி, அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் பிடிப்பது எப்படி, தோலைத் தீயில் எவ்வளவு காய்ச்சுவது, முதல் அடியை வாயால் சொற்கட்டாகச் சொல்லிப் பழகிய பின்னரே குச்சியைத் தொடுவது ஏன் என்றெல்லாம் அவர் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். ஐந்து மாலைகள் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்த வாரம் எந்த அடி, எந்த அடி வந்தால் அடுத்ததற்குப் போகலாம், ஆட்டத்தோடு சேர்த்து இசைப்பது எந்தக் கட்டத்தில் என்று பாடத்திட்டம் தானாகவே உருவாகி வந்தது. அவர் மனத்தில் அது எப்போதோ இருந்திருக்கிறது. தோழி பிள்ளைகளின் ஓவியங்களைத் தேதிவாரியாக அடுக்கினார். முதல் நாள் முதல் எடுத்த வருகைப் பதிவேட்டையும் இணைத்தோம். பறை சாவுக்கு அடிப்பதாயிற்றே என்று தொடக்கத்தில் மகளை அனுப்பத் தயங்கிய தாய் ஒருவர், இந்த வகுப்புக்கு வரத் தொடங்கியபின் தம் மகள் பள்ளிக்கு விடுப்பு எடுப்பதில்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் சேர்த்தோம்.

வகுப்புகள் நடப்பதற்குச் சான்றாகப் புகைப்படங்களும் கேட்கப்பட்டன. பெற்றோரின் எழுத்துமூலமான ஒப்புதலைப் பெற்ற பின்பே அவற்றைக் கொடுத்தோம். நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் அறிக்கைகளில் இன்றும் பிள்ளைகளின் கைகளும் ஓவியங்களும் பறைகளும் மட்டுமே இருக்கும். ஒரு பிள்ளையின் வறுமையைப் படம் பிடித்துக் காட்டிப் பணம் பெறுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் என்றே நான் நினைக்கிறேன்; அதனால் சில நன்கொடைகள் கைநழுவிப் போனதுண்டு.

கலைப்பு பற்றிய கூறு இல்லாததற்கு, அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் திருத்தப் பத்திரம் பதிந்து நகலை இணைத்தோம். 2024 டிசம்பரில் ஆணை வந்தது: ஐந்து ஆண்டுகளுக்கு 12ஏபி பதிவு, கூடவே நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஒப்புதல்.

நான் குறிப்பிட்ட பிரிவுகளும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதோடு அவை மாறுகின்றன என்பதால், இனி விண்ணப்பிப்போர் புதிய எண்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பதிவு முடியும் நாளுக்கு ஆறு மாதம் முந்தைய தேதியை, பறைகளை மாட்டி வைக்கும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னோம். ஓவிய வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுற்றி ஒரு கரையும் வரைந்துவிட்டார்கள்.