அலுமினியம் ஆக்சைடின் வாய்பாட்டில் (Al₂O₃) 2, 3 எங்கிருந்து வந்தது?

இணைதிறன் (ஓர் அணு சேரும்போது கொடுக்கும், வாங்கும் அல்லது பங்கிடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) அட்டவணையைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். முதல் 20 தனிமங்களுக்கு எலக்ட்ரான் அமைப்பை எழுதத் தெரிந்தாலே போதும். வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான் வரை இருந்தால் அந்த எண்தான் இணைதிறன். அதற்கு மேல் இருந்தால் 8-லிருந்து கழிக்கணும். ஹீலியம் மட்டும் விலக்கு. முதல் கூடு இரண்டிலேயே நிரம்பிவிடும், அதனால் பூச்சியம்.

அலுமினியத்தின் கூடுகளில் எலக்ட்ரான்கள் 2, 8, 3. கொடுக்க 3 இருக்கிறது. ஆக்சிஜன் 2, 6. அதற்கு வேண்டியது 2. ஒன்றுக்கு ஒன்று சேர்த்தால் ஒரு எலக்ட்ரான் மிஞ்சும். இரண்டு அலுமினியம் கொடுப்பது 6, மூன்று ஆக்சிஜன் வாங்குவதும் 6. கணக்கு நேராகிவிட்டது. ஒன்றின் இணைதிறனை மற்றதன் கீழே எழுத 'குறுக்கே மாற்றிப் போடு' என்று சொல்லித்தருகிறோமே, அதற்குள் இருப்பது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். இதைக் காட்டாமல் குறுக்குவழியை மட்டும் கொடுப்பது பெரிய தப்பு.

மக்னீசியம் ஆக்சைடை 2, 2 (Mg₂O₂) என்று எழுதி அப்படியே விட்டுவிடுவார்கள். அது அயனிச் சேர்மம், அதாவது தனி மூலக்கூறு கிடையாது, வாய்பாடு விகிதத்தை மட்டுமே காட்டும்; அதனால் 1:1 (MgO) என்று சுருக்கியே ஆகணும். ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடின் (H₂O₂) 2, 2-வைத் தொடக்கூடாது. அந்த மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜனும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன.

கால்சியம் ஹைட்ராக்சைடில், Ca(OH)₂, அடைப்புக்குறி விட்டுப்போனால் 2 ஹைட்ரஜனுக்கு மட்டும் போய்விடும், ஓர் ஆக்சிஜன் காணாமல் போகும்.

இரும்புக்கு இந்த 8 கணக்கு செல்லாது. சேர்மத்தின் பெயரில் பெரஸ் என்றால் இரும்பின் இணைதிறன் 2, பெரிக் என்றால் 3. பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வாய்பாட்டில் கை வைக்கணும்.