பழைய லேசர் படகு வாங்கப் போறீங்களா?

செகண்ட் ஹேண்டில் லேசர்ங்கிற, ஒருத்தர் ஓட்டுற சின்னப் பாய்மரப் படகு வாங்குறவங்க முதல்ல பார்க்க வேண்டியது பெயின்ட்டை இல்ல, பாய்மரம் இறங்குற குழியை. அதுல தண்ணி ஊத்தி, மட்டத்துக்கு ஒரு பென்சில் கோடு போட்டு, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க. மட்டம் இறங்கினா கூட்டுக்குள்ள, அதாவது படகோட உடம்புக்குள்ள, கசியுதுன்னு அர்த்தம். பலமான காத்துல அந்த இடம்தான் பிச்சுக்கும். வெறும் கூடு 59 கிலோதான் (நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ல ஓட்டினதும் இதே கூடுதான், பாயும் பாய்மரத்தோட கீழ்ப் பகுதியும்தான் சின்னது). தூக்கும்போது ரொம்பக் கனத்தா உள்ளே தண்ணி நிக்குது.

அடுத்து, பாய்மரத்தோட அலுமினியக் குழாயில ஸ்டீல் ரிவெட் அடிச்ச இடத்தைப் பாருங்க. வெள்ளைப் பொடி பூத்திருந்தா உப்பு அரிக்க ஆரம்பிச்சாச்சு.

கரைக்கு வந்ததும் கயிறு, கப்பி, பாய் எல்லாத்தையும் நல்ல தண்ணியில அலசுங்க. பாயை வெயில்ல படபடக்க விடாதீங்க, மடிக்காம சுருட்டி வைங்க.