வேலையோடு கலாநிதிப் பட்டம்: அனுமதிக்கு அலைந்ததில் ஒரு மாரி போனது

இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் உலகளாவிய சுகாதாரத்தில் பகுதிநேரக் கலாநிதிப் பட்டம் செய்கிறேன். வேலை மட்டக்களப்பில், சுகாதாரத் துறையில். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, ஆய்வு முன்மொழிவு, நேர்முகம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அவர்களுக்குப் பிற்பகல் 2 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30. மேற்பார்வையாளருடன் ஸூமில் பேச அது வசதியாகவே இருக்கிறது. என்னைப் படுத்தி எடுத்தது ஆய்வுக்கான அனுமதிதான்.

என் ஆய்வு மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோய் பற்றியது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பக்டீரியா, வயல் வட்டைக்குள் சேற்றில் நின்று வேலை செய்பவர்களைப் பிடிக்கிறது. நீரிழிவு இருந்தால் ஆபத்து இன்னும் கூட. காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்து நாட்கள் போய்விடுவதும் உண்டு. நோயாளர் கூடுவது வடகீழ்ப் பருவமழையோடு. அதனால் ஒக்டோபருக்கு முன்பே அனுமதி கையில் இருக்கவேண்டும் என்று வெள்ளெனவே விண்ணப்பித்தேன்.

இங்கிலாந்தில், ஆய்வுகளைப் பரிசீலித்து அங்கீகரிக்கும் இலங்கை நெறிமுறைக் குழுவின் கடிதம் வந்தால்தான் தங்களுடைய அங்கீகாரத்தைத் தருவோம் என்றார்கள். இங்கே, பல்கலைக்கழகத்தின் கடிதத்தை முதலில் கொண்டுவாருங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் மின்னஞ்சல் அனுப்பியே வாரங்கள் போயின. கடைசியில் மேற்பார்வையாளர் பல்கலைக்கழகத்திடமிருந்து 'நிபந்தனையுடனான அங்கீகாரம்' என்று ஒரு கடிதம் எடுத்துத் தந்தார். அப்படி ஒன்று இருப்பதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். நீங்கள் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பிராந்தியச் சுகாதார அலுவலகத்தின் அனுமதி. அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து விவசாயிகளும் என் ஆய்வில் இருந்தார்கள். கடிதத்தை எங்கே கொடுப்பது என்று ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். "அம்பாறை மாவட்டம்தானே மிஸ், அம்பாறைக்குக் கொண்டுபோய்க் குடுங்க" என்றார் அந்த உத்தியோகத்தர், தலையைக்கூட நிமிர்த்தாமல். லீவு போட்டு பஸ் ஏறிப் போனேன். அங்கே இருந்தவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, இந்த இடங்கள் கல்முனைப் பிராந்தியத்துக்குரியவை என்று மரியாதையாகத் திருப்பித் தந்தார். மாவட்டம் ஒன்று என்றாலும் சுகாதாரத்துக்கு அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியம். நான் போன பஸ் கல்முனையைத் தாண்டித்தான் போயிருந்தது. அன்றைய கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் நெறிமுறைக் குழு, ஆய்வில் பங்கேற்பவர்களுக்கான சிங்களச் சம்மதப் படிவம் இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பியது. கொடுக்கச் சொன்ன பட்டியலில் அது இருக்கவே இல்லை. தகவல் தாள், சம்மதப் படிவம் இரண்டையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தயாராக வைத்திருங்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும். எந்த அலுவலகத்தில் கடிதம் கொடுத்தாலும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், கோப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலக்கம் சொன்னால்தான் தொலைபேசியில் பதில் வருகிறது.

எல்லாம் கைக்கு வந்தபோது மழை விட்டு, வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. தரவுச் சேகரிப்பு அடுத்த மாரிக்குத் தள்ளிப்போனது. முழுநேர மாணவராக இருந்தால் அந்த வருடத்தைத் தாங்கியிருக்கவே முடியாது. இந்த முறை ஐப்பசி பிறக்கும் முன்பே வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானைமாரைச் சந்தித்துப் பேசிவிட்டேன், முதல் நேர்காணல்களும் முடிந்துவிட்டன. என் நெறிமுறை அங்கீகாரம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன், மூன்று மொழிப் படிவங்களோடு.