கிராக்சைட் மாளிகை, அட்டையில்: ஆறாவது வாரம்

சுவர்கள் நிற்கின்றன, கூரை பாதி முடிந்திருக்கிறது, புகைக்கூண்டுகளை இன்னும் தொடவில்லை. இது இரண்டாவது மாதிரி. முதலாவது போன மாதமே குப்பைக்குப் போய்விட்டது.

கிராக்சைட், வட இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்தில் ராத்பரி என்ற சிற்றூரை ஒட்டிய பாறைச்சரிவில் நிற்கும் விக்டோரியா காலத்து மாளிகை. பீரங்கியும் தண்ணீர் அழுத்தத்தில் ஓடும் கிரேனும் செய்து பணக்காரரான வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கின் வீடு. நான் செய்வது 1:150 அளவில், மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டையில்.

முதல் தடவை முழு வீட்டையும் ஒரே பெட்டியாக நினைத்துச் சுவர்களை வரிசையாக வெட்டி நிறுத்தினேன். கூரை போடும்போது எதுவும் சேரவில்லை. ஒரு சரிவு பக்கத்து ஜன்னலை மறைத்தது, இன்னொன்று அந்தரத்தில் முடிந்தது. படங்களை மறுபடி உற்றுப் பார்த்தபோதுதான் உறைத்தது, இது ஒரே மூச்சில் கட்டிய வீடே இல்லை. 1860-களில் ஆம்ஸ்ட்ராங் கட்டியது விடுமுறைக்கு வந்து தங்க ஒரு சின்ன வீடு. 1869-இல் நார்மன் ஷா என்ற கட்டடக்கலைஞர் வந்து, ஏறத்தாழ பதினைந்து வருஷம் அதன் மேலும் பக்கத்திலும் கட்டிக்கொண்டே போனார். விருந்தாளிகள் வேட்டைக்குப் போயிருந்த ஒரே பிற்பகலில் முழு வீட்டையும் அவர் வரைந்து முடித்ததாக ஒரு கதை உண்டு. அந்தக் கூரையை அட்டையில் வெட்டிப் பார்த்த எவனும் நம்பமாட்டான்.

சரி, அவர் கட்டிய வரிசையிலேயே நானும் கட்டுவோம் என்று ஆரம்பித்தேன். நடுவில் பழைய வீடு, அப்புறம் நூலகமும் சாப்பாட்டு அறையும், அப்புறம் கோபுரம், கடைசியில் 1880-களில் சேர்ந்த பெரிய வரவேற்பறை. புதுத் துண்டின் கூரையை வெட்டும் முன், பழைய கூரைமேல் சாதாரணத் தாளை அழுத்தி மடித்து, மடிப்புக் கோட்டை அட்டைக்கு மாற்றுகிறேன். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம் இப்போது நூல் பிடித்தமாதிரி வருகிறது.

மேல்மாடி முக்கோண முகப்புகளில் வெளிர்சுவரில் ஓடும் கறுப்பு மரச்சட்டங்கள்தான் எனக்குப் பிடித்த இடம். அந்த வட்டாரத்தில் அப்படிக் கட்டும் வழக்கமே இல்லை. தெற்கே சசெக்ஸ், கென்ட் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்து ஷா அழகுக்காக வைத்தது. கீழே இருப்பதெல்லாம் கனமான மணற்கல். சட்டத்துக்கு ஐஸ் குச்சியைச் சீவிப் பார்த்தேன், தடிமனாகத் தெரிந்தது. தென்னை ஈர்க்குச்சியை நீளவாக்கில் கிழித்து ஒட்டினால் நிறம்கூடப் பூச வேண்டாம். "ஏன்டா, பெருக்குற விளக்குமாத்துலயா கை வைப்ப?" என்று அம்மா கேட்டார். இப்போது தனியாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

பாறைக்குத் தெர்மகோல். அதன்மேல் நேராக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தது என் மடத்தனம். கண்ணெதிரே உருகிக் குழிந்து, கோபுரத்தின் ஒரு மூலை இறங்கிவிட்டது. இரண்டாவது பாறைக்கு முதலில் ஃபெவிகாலில் நனைத்த செய்தித்தாள், காய்ந்ததும் போஸ்டர் கலர். உருகிக் குழிந்ததில் ஒரு துண்டு மட்டும் அசல் பாறை மாதிரியே இருந்ததால் ஓடைக்கரையில் வைத்துவிட்டேன்.

இந்த வாரம் விளக்கு. அதில்லாமல் கிராக்சைட் இல்லை. ஓடைத் தண்ணீரைத் தேக்கி மின்சாரம் எடுத்து, 1880-இல், மின்பல்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜோசப் ஸ்வானின் பல்புகளை ஏற்றிய வீடு அது. நூலகத்தில் எனாமல் வேலைப்பாடு செய்த செப்புச் சாடிகளே விளக்குத்தண்டு. சாடியை இடத்திலிருந்து தூக்கினால் விளக்கு அணைந்துவிடும். 1:150-இல் சாடிக்கு இடமில்லை. நூலக ஜன்னலுக்குப் பின்னால் மஞ்சள் எல்இடி இரண்டு வைத்து அறை விளக்கை அணைத்தேன். ஜன்னலோடு சுவரும் சேர்ந்து ஒளிர்ந்தது, அட்டை வழியாகவே வெளிச்சம் கசிகிறது. ஒட்டிய கூரையைக் கத்தியால் மெல்ல நெம்பி எடுத்து, உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூசி மொட்டைமாடியில் காயவைத்திருக்கிறேன்.