பெகுவிலிருந்து மௌல்மீன் வரை

என் வீட்டுக்காரர் இம்பாலில் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்து, மோரேயில் பர்மா எல்லை தாண்டி, தமு, கலேவா, மோன்யுவா, மாண்டலே என்று இறங்கி வந்துகொண்டிருந்தார். பாங்காக் வரை போவதாகத் திட்டம். 2018 ஆகஸ்டில் தமு எல்லையைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. 1942-இல் ஜப்பான் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வெளியேறிய வழிகளில் தமுவும் ஒன்று. அதே வழியில் எதிர்த்திசையில் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கு அவ்வளவு லீவும் கிடையாது, அவ்வளவு முழங்காலும் கிடையாது. "மலையெல்லாம் முடிஞ்சதும் சொல்லுங்க, வரேன்" என்றேன். அப்படித்தான் 2019 ஜனவரியில் ரங்கூனுக்குப் பறந்து, ரயில் பிடித்து, பெகுவில் இறங்கினேன்.

ஸ்டேஷன் வாசலில் நின்றவர் கன்னம் ஒட்டி, முகம் முழுக்க தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசி, ஏறக்குறைய பர்மாக்காரர் ஆகியிருந்தார். நேராக ஒரு மொஹிங்கா கடைக்குக் கூட்டிப்போனார். மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டு, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவார்கள். நான் ஒரு கிண்ணத்தோடு போராடிக்கொண்டிருக்கும்போது அவர் மூன்றாவதை முடித்துவிட்டுக் கடைக்காரப் பையனை "ச்சு ச்சு" என்று உதட்டைக் குவித்து முத்தச் சத்தத்தில் கூப்பிட்டார். நம்மூரில் அப்படிக் கூப்பிட்டால் அடி விழும். அங்கே டீக்கடைகளில் அதுதான் வழக்கம்.

நீண்ட பயணத்தின் நடுவில் போய்ச் சேர்ந்துகொள்வதில் ஒரு விசேஷம் உண்டு. அவர் ஏற்கெனவே தனக்கென ஒரு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். எந்தப் பையில் எது, எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை வாழைப்பழம் தின்றால் எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றுக்கும் சட்டம். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பாதி தூரத்தை முடித்துவிட வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அலாரம் அடித்து எழுந்த ஆளே இல்லை அவர். அந்த வீட்டுக்கு நான் விருந்தாளி.

எனக்குப் பெகு சந்தைப் பக்கம் ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள் ஒன்று வாங்கினோம். கியர் இல்லை, முன்னால் கூடை உண்டு. என் துணிமணியெல்லாம் அவர் பையில், என் கூடையில் தின்பண்டம்.

ரோடு தட்டைதான். அறுவடை முடிந்த நெல் வயல்களில் உளுந்து போட்டிருந்தார்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. பர்மாவில் விளையும் உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் வருகிறது. நம் வீட்டு இட்லி மாவில் எத்தனை முறை இந்த வயல் கலந்திருக்கிறதோ! கஷ்டம் லாரிகளால்தான். 1970-இல் போக்குவரத்தை வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முந்தும்போது எதிரே வருவது டிரைவருக்குச் சரியாகத் தெரியாது. கிளீனர் இடப்பக்க ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்கிறார். சொல்வார் என்று நாமும் நம்ப வேண்டும். ஹாரன் கேட்டால் மண்ணில் இறங்கிவிடு என்பது என் வீட்டுக்காரரின் சட்டங்களில் முதலாவது.

வழிநெடுக மரத்தடியில் சின்னக் கூரை போட்டு, மண்பானையில் தண்ணீர் வைத்து, மேலே குவளையைக் கவிழ்த்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். கோடைக்கு மட்டும் பந்தல் போடும் நம் வழக்கம் அங்கே வருஷம் முழுக்க நடக்கிறது. ஒரு பானைகூட எனக்குக் காலியாகக் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க முடியும், கண்ட இடத்தில் கூடாரம் போட்டால் ஆள் வந்து எழுப்பிவிடுவார்கள். அதனால் சித்தாங் ஆற்றைத் தாண்டி க்யாய்க்தோ வரை, 80 கிலோமீட்டருக்கு மேல், ஒரே மூச்சில் போக வேண்டியிருந்தது. க்யாய்க்தோவுக்கு வருகிறவர்கள் மலையேறிப் பொற்பாறை என்ற பௌத்தப் புனிதத் தலத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் காலை நீட்டித் தூங்கினோம்.

பீலினுக்கு முன்னால் என் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் கம்பி நூல்தான் அந்த ரோட்டில் எமன். மயிரிழை கனம், கண்ணுக்கே தெரியாது. டியூபைக் கழற்றிக் காற்றடித்து, உதட்டருகே வைத்து மெல்லச் சுற்றி ஓட்டையைக் கண்டுபிடித்தார். உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயும்வரை பொறுத்திருந்து ஒட்டு வைத்தார். அப்புறம்தான் வேலையே. டயரின் உட்புறம் முழுக்கப் பஞ்சை வைத்துத் தடவினார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கியது. நான் புருவத்துக்கு வைத்திருந்த ட்வீஸரை வாங்கி இழுத்தார், அரை நகக்கண் நீளத்தில் வந்தது கம்பி. இதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த மைலில் மறுபடி பஞ்சர் என்றார். வீட்டில் குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடச் சொல்கிறவர்.

தட்டோனில் ஒரு வெற்றிலைபாக்குக் கடை முன்னால் "இன்னும் எவ்வளவு தூரம்னு ஒழுங்காச் சொல்லுங்க" என்று நான் கத்தியதைக் கேட்டு, உள்ளேயிருந்து குரல் வந்தது: "யாரு, நம்மாளுகளா?" நெற்றியில் திருநீறு, கன்னத்தில் தனாக்கா, இடுப்பில் பர்மியத் தமேன். எழுபது தாண்டிய ஆச்சி. பாட்டன் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து நெல் அறுக்க வந்த குடும்பமாம். வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஆச்சிக்கு எழுதப்படிக்கத் தெரிந்தது பர்மியம், பேரன் கோயிலில் தமிழ் எழுத்து படிக்கிறான். 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்களே, நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "கடை வச்சிருந்தவுக போனாக. எங்ககிட்ட எடுக்க என்ன இருந்துச்சு, கலப்பையா?" என்றார்.

இம்பாலிலிருந்து வருகிறவர் என்று இவரைக் காட்டினேன். ஆச்சி ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி போவட்டும்மா. நீ இங்ஙன உக்காரு, சோறு வடிச்சிருக்கேன்." தம்பியும் உட்கார்ந்தார். அன்றைக்கு எந்தச் சட்டமும் செல்லுபடியாகவில்லை. தனியாக வந்திருந்தால் தட்டோனைத் தாண்டியதே தெரிந்திருக்காது என்று பிறகு அவரே சொன்னார்.

சால்வீன் ஆற்றின் மேல் 2005-இல் திறந்த பாலம், ரயிலும் ரோடும் சேர்ந்தது, மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதைத் தாண்டினால் மௌல்மீன். மறுநாள் விடியுமுன் அவர் மியாவடியில் இருக்கும் தாய்லாந்து எல்லையைப் பார்த்துக் கிளம்பிவிட்டார். மணிப்பூர்க் குளிருக்கு வாங்கிய ஜாக்கெட்டை என் தலையில் கட்டிவிட்டு, என் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டார். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த எல்லைச் சாலையில் சண்டை. இன்று யாரும் இப்படிப் போக நினைக்க வேண்டாம்.

எனக்கு மாலையில்தான் ரங்கூன் பஸ். சைக்கிளை விற்கக் கடைவீதியில் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் தமிழர். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, டியூபைக் கழற்றி, ஒட்டை விரலால் நிமிண்டினார்.

"யாரும்மா ஒட்டுனது?"

"என் வீட்டுக்காரர்."

"சுத்தமா ஒட்டியிருக்காரே" என்று பாராட்டிவிட்டு, ஒட்டுப்போட்ட டியூப் என்று சொல்லி விலையில் குறைத்துக்கொண்டார்.